கொய்யாக் கொப்பில் பதி வைப்பது: பட்டையைக் கழற்றினால் மட்டும் போதாது

போன வருடம் கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் வளவுக் கொய்யாவில் ஐந்து கொப்புகளில் பதி வைத்தேன், அதாவது கொப்பு மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் விடவைக்கப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. இந்த முறை நாலில் வேர் விட்டிருக்கிறது. இடையில் நான் மாற்றியது ஒரே ஒரு வேலைதான்.

பென்சில் தடிப்பில், நிறைய இலையுள்ள கொப்பாகப் பாருங்கள். நுனியிலிருந்து ஓரடி கீழே ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாகக் கழற்றுங்கள். சமையல் கத்தி வேண்டாம், பட்டை நசுங்கிவிடும். புது பிளேட்தான் நல்லது.

நான் பிழைவிட்டது இதற்கு அடுத்ததில். பட்டை கழன்றதும் விரல் வழுக்குகிற மாதிரி ஓர் ஈரப் படலம் தெரியும். அதுதான் மாறிழையம். விட்டுவைத்தால் அது புதுப் பட்டை வளர்த்து வெட்டை மூடிவிடும். ஏன் மூடக்கூடாது என்றால், குருத்தில் உருவாகிற ஒட்சின் என்ற ஹோர்மோன் கொப்பு வழியே கீழே இறங்கி வரும், பட்டை அறுந்த இடத்தில் போக வழியில்லாமல் மேல் விளிம்பில் தேங்கும், இலை செய்த சீனியும் அங்கேயே நிற்கும், இரண்டும் சேர்ந்துதான் அந்த விளிம்பில் வேர் பிறக்கிறது. தண்ணீர் உள்மரம் வழியாக மேலே போவதால் கொப்பு வாடாது. ஆகவே சின்னக் கத்தி ஒன்றின் முதுகால், வழுவழுப்புப் போய் மரம் சொரசொரக்கும் வரை சுற்றிவரச் சுரண்டுங்கள்.

அப்புறம் வேர்த்தூள். அதில் இருக்கும் இந்தோல் பியூட்டிரிக் அமிலமும் ஒட்சின் வகைதான். மெல்லிதாகத் தடவினால் போதும். அளவு மிஞ்சினால் வேரே வராது. களைநாசினியாக அடித்த 2,4-டி கூட ஒட்சின் வகையைச் சேர்ந்ததுதானே.

ஈரத் தும்புத்தூளைப் பிழிந்து ஒரு கைப்பிடி வைத்து, பொலித்தீனால் சுற்றி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். வேர் கண்ணில் தெரிய வேண்டும், அதனால் நான் உள்ளே இருப்பது தெரிகிற பொலித்தீன்தான் பாவிப்பேன், வெயில் படாமல் மேலே பேப்பர் சுற்றுவேன். கச்சான் அடித்தால் உள்ளே காய்ந்துவிடும், ஊசியால் தண்ணீர் ஏற்றுங்கள்.

இரண்டு மாதமளவில் வேர் கிளைத்ததும் கீழே வெட்டி, இலையில் பாதியைக் கிள்ளி, நிழலில் நடுங்கள்.

பிற்சேர்க்கை: மூதூர்த் தம்பி ஒருவர் தூளைக் கீழ் விளிம்பில் தடவிவிட்டுக் காத்திருந்தாராம். மேல் விளிம்பில்தான் தடவ வேண்டும். மார்கழி மழையில் வைத்தவர்கள் மேல் கட்டை இன்னொரு தரம் இறுக்குங்கள், தண்ணீர் இறங்கினால் தும்பு அழுகும்.