சுண்ணாம்பாற்றிலிருந்து பாரடைஸ் பீச்: படகில் போய், குளித்து, நேரத்துக்குத் திரும்ப

'தீவு பீச்' என்று சொல்லிக்கொண்டாலும் புதுச்சேரி பக்கத்தில் இருக்கும் பாரடைஸ் பீச் சுற்றிலும் கடல் சூழ்ந்த தீவு இல்லை. சங்கராபரணி ஆறு கடைசியில் பிரிந்து அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் கடலில் விழுகிறது. சுண்ணாம்பாற்றின் முகத்துவாரத்தில், ஆற்றுக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டுதான் இது.

1. புதுச்சேரியிலிருந்து கடலூர் பஸ்ஸில் ஏறி, படகு கிளம்பும் போட் ஹவுஸ் இருக்கும் நோணாங்குப்பத்தில் இறங்கணும். எல்லா பஸ்ஸும் நிற்காது. "போட் ஹவுஸ் நிக்குமாண்ணே?" என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டே ஏறுங்க. கடலூரிலிருந்து வர்றவங்க தவளக்குப்பம் தாண்டினதும் எழுந்து வாசல் பக்கம் வந்துடுங்க.

2. கவுன்டரில் படகு டிக்கெட். பாரடைஸ் பீச்சுக்கு என்று தெளிவாகச் சொல்லுங்க, சும்மா ஆற்றில் சுற்றிக் காட்டும் சவாரியும் உண்டு. டிக்கெட்டைத் திரும்பும்வரை பத்திரமாக வைங்க.

3. போனுக்கு விலை கூடின வாட்டர்ப்ரூஃப் பை தேவையே இல்லை, நல்ல ஜிப் கவர் ரெண்டு போதும். ஷூ வேண்டாம், ரப்பர் செருப்பு போடுங்க. வெறுங்காலோடும் போகாதீங்க, உச்சி வெயிலில் அந்த மணலில் கால் வைக்க முடியாது. தண்ணீர் பாட்டிலைக் கரையிலேயே நிரப்பிக்கோங்க.

4. குளியல். இங்கேதான் நிதானம் வேணும். திட்டில் இறங்கினதும் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, ஆளில்லாத முகத்துவாரப் பக்கம் நடக்கத் தோணும். அங்கே மட்டும் இறங்கவே இறங்காதீங்க. வற்றத்தின்போது, அதாவது கடல் மட்டம் இறங்கும் நேரத்தில், ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் வேகமாக ஓடும், கால் நிற்காது. கடல் பக்கத்திலும் ஒரு விஷயம். அலை உடைகிற இடங்களுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். புதுசாக வர்றவங்க "இங்க அலையே இல்ல" என்று அங்கேதான் போய் இறங்குவாங்க. கரைக்கு வந்த தண்ணீர் திரும்ப ஓடும் வழி அது, அதனால்தான் அலை உடையறதில்லை. அதில் மாட்டினால் கரையை நோக்கி நீந்திச் சோர்ந்து போகாதீங்க. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்தப்புறம் கரைக்குத் திரும்புங்க. நீச்சல் தெரியாதவங்களுக்கு முழங்கால் அளவு போதும். கிணற்றில் கற்ற நீச்சலைக் கடலில் நம்ப வேண்டாம்.

5. திரும்பும் படகு. போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற கூட்டம் சாயங்காலம் மொத்தமாகத் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசை மணலில் நீண்டு கிடக்கும், நிழலும் இருக்காது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே படகுக்காரரிடம் கேளுங்க, அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வரிசைக்கு வந்துடுங்க. என்னைக் கேட்டால் வார நாளில் முதல் படகில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புவதுதான் சரி.

சேர்த்தது: மழைக்காலத்தில் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீங்க. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆற்றில் வெள்ளமோ புயல் எச்சரிக்கையோ இருந்தால் கிளம்பாதீங்க. மற்ற நாளில் காலையில் போட் ஹவுஸில் விசாரித்துவிட்டுப் போங்க. லைஃப் ஜாக்கெட் குழந்தைக்குப் பெரிசாக இருக்கு என்று இன்னொருத்தர் எழுதியிருந்தார். சின்ன அளவு கேட்டு வாங்குங்க, தோள் வழியாக நழுவுகிற ஜாக்கெட்டோடு குழந்தையைப் படகில் ஏற்றாதீங்க.