ஜூன் மாதக் கடலும் வெள்ளிக்கிழமை மீனும்: நண்பர்களோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் எங்களுக்குக் கடல் ஒன்றும் புதிதில்லை. காலி வீதியிலிருந்து ஏதாவது ஒரு ஒழுங்கையில் இறங்கி நடந்தால் மெரைன் டிரைவ், அதைத் தாண்டினால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது நாலைந்து பேர் சேர்ந்து பையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கடலைப் பார்க்கப் புறப்பட்டுவிடுகிறோம். இந்தப் பயணங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது வாட்ஸ்அப் குழுவில்தான், அதுவும் புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போதே.

பெரிய தவறு, மாதத்தைப் பார்க்காமல் இடத்தைப் பார்ப்பது. ஒருமுறை நாங்கள் ஜூனில் ஹிக்கடுவைக்கு அறை எடுத்தோம். விலை பாதியாக இருந்தது. ஏன் பாதி என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. போய்ப் பார்த்தால் கடல் மண்ணிறம், அலை ஆள் உயரம். இரண்டு நாளும் யன்னலோரம் இருந்து கடதாசி விளையாடிவிட்டுத் திரும்பினோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அதாவது சோளகம், அந்தத் தென்மேற்குக் கரையில் நேராக வந்து மோதும். பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ எல்லாமே அந்தப் பக்கந்தான். அங்கே கடல் அடங்கியிருப்பது டிசம்பரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை. கிழக்குக் கரையிலோ வருடக் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை மழையும் வாடைக்காற்றும். ஆகவே நடு வருடத்தில் லீவு கிடைத்தால் நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பை. ஆனால் நிலாவெளி இருக்கும் திருகோணமலை கொழும்பிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். சனி, ஞாயிறு மட்டும் கையில் வைத்துக்கொண்டு அங்கே போவதும் தவறுதான். பாதி நேரம் வாகனத்தில் போய்விடும்.

சரி, மாதம் சரியாக அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இறங்குகிற இடத்திலும் ஒரு தவறு காத்திருக்கிறது. அலை உடைகிற இடங்களுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருமையாகத் தெரியும். நீந்தத் தெரியாதவர்கள் அதுதான் பாதுகாப்பான இடம் என்று அங்கே இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் பாயும் வழி அது. ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அகப்பட்டுவிட்டால் கரையை நோக்கி நேராக நீந்தக்கூடாது. எவ்வளவு பலசாலியும் களைத்துவிடுவான். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு வெளியேறி, அப்புறம் அலையோடு கரைக்கு வர வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை உயர்த்திக் காட்டலாம். சிவப்புக் கொடி நாட்டியிருந்தால் இதெல்லாம் தெரிந்திருந்தாலும் இறங்க வேண்டாம். ‘மச்சான், முழங்கால் வரைக்கும்தான்’ என்று யாராவது தொடங்குவார்கள். அவரைப் பிடித்து இருத்துங்கள்.

இனி நாள் குறிப்பது. போயாவோடு, அதாவது பௌர்ணமி விடுமுறையோடு, சேர்ந்த நீண்ட விடுமுறை என்றால் எல்லோருக்கும் வாயூறும். ஊர் முழுவதும் அதே நாளில் புறப்படும் என்பது ஒன்று. போயா தினத்தில் மதுவும் இறைச்சியும் விற்கமாட்டார்கள் என்பது இன்னொன்று. சில நண்பர்களுக்கு முதலாவதை விட இரண்டாவதுதான் பெரிய அதிர்ச்சி. வெள்ளிக்கிழமை இரவு போய் இறங்கி, ஆசையாக அறக்குளா மீன் பொரிக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினால், குழுவில் மூன்று பேர் வெள்ளிக்கிழமை மரக்கறி. கந்தசஷ்டி ஆறு நாளில் திட்டம் போட்டால் பாதிப்பேர் வரவே மாட்டார்கள். ஹலால் பார்க்கும் நண்பர் இருந்தால் அதையும் முன்பே கேட்டு வையுங்கள். போன இடத்தில் அவரை வெறும் பாணும் சம்பலும் சாப்பிட விடுவது நட்புக்கு அழகில்லை.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம். இடப்பக்கம் இருந்துவிட்டு மற்றவர்களின் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்து வந்தவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. எல்லா ரயிலும் வெள்ளவத்தையில் நிற்காது. நின்றாலும் அதற்குள் யன்னலோரம் போயிருக்கும். கோட்டைக்குப் போய் ஏறுவதே நல்லது.

இரண்டு நாளில் காலிக் கோட்டை, பலப்பிட்டியில் மாதுகங்கைப் படகு, கொஸ்கொடவில் ஆமைக்குஞ்சு, மிரிஸ்ஸவில் திமிங்கலம் என்று பட்டியல் போடுகிற நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவர் நல்ல மனிதர். அவரிடம் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லிவிட்டு மிச்ச நேரத்தைச் சும்மா விடுங்கள். காசுக் கணக்கை அன்றன்றே முடியுங்கள். அதைப் பற்றி மேலும் எழுதினால் எனக்குப் பழைய கோபங்கள் வந்துவிடும்.

ஹிக்கடுவைப் பவளப்பாறைப் பகுதி 1979இல் சரணாலயமாகி, 2002இல் தேசியப் பூங்காவானது. அங்கே பாறையில் ஏறி நின்று படம் எடுப்பது, ஒரு துண்டை ஞாபகத்துக்குப் பையில் போடுவது எல்லாம் குற்றம். வேறு கரைகளில் சிப்பி பொறுக்கினாலும் உள்ளே எட்டிப் பாருங்கள். நான் ஒரு அழகான சங்கைக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்தேன். மூன்றாம் நாள் வீட்டில் எலி செத்துவிட்டது என்று அம்மா கட்டிலையெல்லாம் நகர்த்தித் தேடினார். சங்குக்குள் ஒரு முனிவன் நண்டு குடியிருந்திருக்கிறது. பாவம் அது, பாவம் அம்மா.

திரும்பி வந்த பிறகுதான் அடுத்த சுற்றுத் தவறுகள். கடற்கரையில் கிடைத்த அந்தச் சோம்பல் சுகம் விட்டுப்போகக்கூடாது என்று ஒவ்வொருவரும் ஒரு பொழுதுபோக்கை ஆரம்பிப்போம். ஒருவர் சும்மா ஆரம்பிப்பதில்லை, முதலில் கடைக்குப் போவார். வர்ணப் பெட்டி, தூரிகை, தாள் எல்லாம் வாங்கிவந்து, வாங்கிய களைப்பிலேயே நிறுத்திவிடுவார்.

பட்டம் செலவில்லாதது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்குத் தைப்பொங்கல் என்றால் பட்டம். அந்த நினைவில் ஜனவரி மாதம் காலிமுகத்திடலுக்குப் போய் நிற்பார்கள். யாழ்ப்பாணத்தில் பட்டம் ஏற்ற வாடை வேண்டும். இங்கே கொழும்பில் கடலிலிருந்து வரும் சோளகந்தான் பட்டக் காற்று, ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போங்கள். 1859இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்டு காலத்தில் மக்கள் காற்று வாங்க அமைத்த திடல் அது. காற்றுக்குக் குறைவில்லை, சில மாலைகளில் கூடிப்போவதுதான் தொல்லை. பட்டம் சுற்றிச் சுற்றித் தலைகீழாக விழுந்தால் பட்டத்தைத் திட்டுவார்கள். பிழை பெரும்பாலும் முச்சையில், அதாவது பட்டத்தை நூலோடு இணைக்கும் கட்டில், இருக்கும். காற்று பலமான நாளில் முச்சையின் முடிச்சைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டி, வாலையும் நீட்ட வேண்டும். வெள்ளவத்தைத் தண்டவாளத்தில் நின்று ஏற்றவே வேண்டாம். மேலே பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு அலைச் சத்தத்தில் ரயில் கேட்காது.

மாடியில் பூச்சாடி வைப்பவர்கள் சாடிக்கு அடியில் தட்டு வைப்பார்கள். அதில் நிற்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு கிழமை, பத்து நாள் போதும். சும்மா ஊற்றிவிட்டாலும் போதாது. முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடக்கும், மறுபடி நனைந்ததும் பொரிக்கும். கிழமைக்கொரு முறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள், அல்லது தட்டே வேண்டாம். கடற்காற்றின் உப்பில் இலை ஓரம் கருகுவதைப் பார்த்து, தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். வேர் அழுகிவிடும். இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டாலே போதும். ரம்பைக்கு ஈரம் பிடிக்கும், கறிவேப்பிலைக்கு வெயில் வேண்டும். இரண்டையும் ஒரே மூலையில் வைத்துவிட்டு ஒன்று ஏன் செத்தது என்று கேட்கக்கூடாது.

கரம் போர்ட் வாங்குகிறவர்கள் அதைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். இந்தக் கடற்கரை ஈரத்தில் பலகை வளைந்துவிடும். மட்டமாகக் கிடத்தி, மேலே துணி போட்டு வையுங்கள். எங்களுடையது ஏற்கனவே வளைந்துவிட்டது. எந்தக் காயை அடித்தாலும் கடைசியில் யன்னல் பக்கத்துக் குழியை நோக்கியே போகிறது. அந்தப் பக்கம் யார் உட்காருவது என்று இப்போது ஒவ்வொரு ஞாயிறும் சண்டை.