ஈரோட்டு அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் முறை

பெரிய எண்ணைக் கண்டதும் கால்குலேட்டரைத் தேடுபவர்களுக்காக, ஈரோடு தலைமை அஞ்சலகத்தின் குறியீடான 638001-ஐத் தாளும் பேனாவும் மட்டும் கொண்டு பிரித்துக் காட்டுகிறேன். கடிதங்களைப் பிரிப்பதற்காக 1972-இல் நடைமுறைக்கு வந்த இந்தக் குறியீட்டுக்குள் இவ்வளவு காரணிகள் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதலில் இலக்கங்களைக் கூட்டுங்கள். 6+3+8+0+0+1 = 18. இது 9-ஆல் வகுபடுவதால் எண்ணும் 9-ஆல் வகுபடும். ஏனெனில் 10, 100, 1000 ஆகிய ஒவ்வொன்றும் 9-இன் மடங்கைவிட ஒன்று மட்டுமே கூடுதல். வகுத்தால் 70889.

அடுத்த படியில்தான் சுவை இருக்கிறது. நாம் லட்சக் கணக்கில் 6,38,001 என்று காற்புள்ளி இடுவோம். இங்கே அப்பழக்கத்தை விட்டு, மும்மூன்று இலக்கங்களாக 638 | 001 என்று பிரிக்க வேண்டும். 7×11×13 = 1001 என்பதால் 638×1001, அதாவது 638638, இம்மூன்றாலும் வகுபடும். அதிலிருந்து 637-ஐக் கழித்தால் கிடைப்பதே நம் எண். ஆகவே 637-ஐ மட்டும் சோதித்தால் போதும்: அது 7×7×13, 11-ஆல் வகுபடாது. எனவே 638001-உம் 7-ஆலும் 13-ஆலும் வகுபடும், 11-ஆல் வகுபடாது. (637-இல் 7 இருமுறை வருவதால் நம் எண்ணிலும் இருமுறை வரும் என்று எண்ணிவிடாதீர்கள், தொடக்கத்தில் நானும் அப்படித்தான் தவறினேன்.)

70889-ஐ 7×13 = 91-ஆல் வகுத்தால் 779. இதன் வர்க்கமூலம் 28-க்கும் குறைவு என்பதால் 23 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். 19-ஆல் வகுத்ததும் 41 கிடைக்கிறது. ஆக, 638001 = 3² × 7 × 13 × 19 × 41.

காரணிகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 3×2×2×2×2 = 48. 638001 மஞ்சள் மூட்டைகளை மண்டியில் மீதமின்றிச் செவ்வகமாகப் பரப்ப 24 வழிகள் உண்டு என்பது இதன் பொருள். ஈரோட்டில் 1887-இல் பிறந்த இராமானுஜன், தம்மைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்களைப் பற்றி 1915-இல் நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அந்தப் பட்டியலில் நம் எண்ணுக்கு இடமில்லை. அதைவிடச் சிறியதான 554400-க்கே 216 காரணிகள் உண்டு. ஆயினும் 2, 5 ஆகியவற்றின் துணையில்லாத ஓர் ஒற்றை எண்ணுக்கு 48 குறைவன்று.

001 என்று முடியும் ஆறிலக்கக் குறியீடு எதுவாயினும் முதல் மூன்று இலக்கங்களிலிருந்து ஒன்றைக் குறைத்து இதே சோதனையைச் செய்யலாம். கோயம்புத்தூரின் 641001-க்குக் கிடைக்கும் 640 என்பது 7, 11, 13 ஆகிய மூன்றில் எதனாலும் வகுபடாது. 3-ஐ வெளியே எடுத்தபின் 43 வரை பொறுமையாகச் சென்றால்தான் 3×43×4969 கிடைக்கும். கரூரின் 639001-க்குக் கிடைக்கும் 638, 11-ஆல் வகுபடும். வகுத்தபின் எஞ்சும் 58091-உம் மீண்டும் 11-ஆல் வகுபட்டு 5281-ஐத் தரும். ஆனால் அந்த 5281-ஐ 71 வரையுள்ள பகா எண்கள் எதனாலும் பிரிக்க முடிவதில்லை.