பக்கவாத நரம்புக் காப்பு மருந்தை எலியில் சோதிப்பது எப்படி

இரத்தக் குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்தில் மூளைச் செல்களைக் காப்பாற்றும் என்று சொல்லப்பட்ட மருந்துகளில், எலியிடம் பலித்து மனிதரிடம் பலிக்காதவை ஏராளம். என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து நன்கு தெரிந்த உதாரணம். 2006-ல் வெளியான முதல் பெரிய மனித ஆய்வில் லேசாக நம்பிக்கை தந்தது. மறு ஆண்டு வந்த அதைவிடப் பெரிய ஆய்வில் ஒன்றுமில்லாமல் போனது. பழைய விலங்கு ஆய்வுகளைத் திரும்பப் புரட்டியபோது, எலிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காத, எதற்கு எந்த மருந்து என்பதை மறைக்காத ஆய்வுகளில்தான் மருந்து அதிகம் 'வேலை' செய்திருந்தது. ஆகவே சோதனையை அமைக்கும்போதே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த மருந்து உதவாது என்றால், அதைக் காட்டிக்கொடுக்க இந்த ஏற்பாட்டில் வழி இருக்கிறதா?

கத்தியைத் தொடும் முன்

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குப் போகும் திட்டத்திலேயே முதன்மை அளவீடு எது, எந்த எலியை எக்காரணத்தால் கணக்கிலிருந்து நீக்குவீர்கள் என்பதை எழுதிவிடுங்கள். முடிவைப் பார்த்தபின் நீக்க ஆரம்பித்தால் எந்த மருந்தும் ஜெயிக்கும்.

எண்ணிக்கைக்கு ஒரு கைக்கணக்கு: ஒரு குழுவுக்கு 16 × (திட்ட விலக்கம் ÷ எதிர்பார்க்கும் வித்தியாசம்)². இது 80 சதவீதத் திறனுக்கும் (உண்மையான பலனைத் தவறவிடாமல் பிடிக்கும் வாய்ப்பு) 5 சதவீதப் பிழை எல்லைக்கும் (இல்லாத பலனை இருப்பதாகக் காணும் வாய்ப்பு) பொருந்தும். சேதப் பரப்பின் திட்ட விலக்கம் சராசரியில் 30 சதவீதம், மருந்து 30 சதவீதம் குறைக்க வேண்டும் என்றால் குழுவுக்கு 16 எலி. விலக்கம் 40 சதவீதமானால் 29. ஐந்தில் ஒன்று இறக்கும் அல்லது நீக்கப்படும் என்றால் 16-ஐ 20 ஆக்குங்கள். வழக்கம்போல 8 எலியோடு நிறுத்தினால் சுமார் 42 சதவீதத்துக்குக் குறைந்த பலனை நம்பிப் பிடிக்க முடியாது; தற்செயலாகப் பிடிபட்டாலும் அது ஊதிப்போன எண்ணாகவே இருக்கும்.

மருந்தையும் வெறும் கரைசலையும் அறுவைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் எண்ணிட்ட குப்பிகளில் நிரப்பட்டும். மருந்து லேசான மஞ்சளாக இருந்தால் கரைசலும் அதே நிறத்தில் இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு 'மறைப்பு செய்தோம்' என்று எழுதுவதில் அர்த்தமில்லை.

அடைப்பு உண்டாக்குதல்

250 முதல் 300 கிராம் எலிக்கு, நுனியில் சிலிகான் பூசிய நைலான் இழையைக் கழுத்திலுள்ள வெளிக் கரோட்டிட் தமனியின் அடித்துண்டு வழியாக, மூளைக்குப் போகும் உட்கரோட்டிட்டுக்குள் செலுத்துங்கள்; மூளையின் நடுத் தமனியின் வாயை அடைப்பதே நோக்கம். கரோட்டிட் பிரியும் இடத்திலிருந்து 18 முதல் 20 மி.மீ. உள்ளே போனதும் மெல்லிய தடை தெரியும்; அங்கே நிறுத்த வேண்டும். சீக்கிரமே தடை தட்டினால் இழை பெரும்பாலும் பக்கக் கிளைக்குள் போயிருக்கும். பின்னிழுத்துத் திசை மாற்றுங்கள். தடையை மீறித் தள்ளினால் தமனி கிழிந்து மூளையைச் சுற்றி இரத்தம் கசியும். அந்த எலி நீக்கப் பட்டியலில் சேரும்.

கையின் உணர்வை மட்டும் நம்பாதீர்கள். மண்டையோட்டின் மேல் லேசர் டாப்ளர் (ஒளியால் இரத்த ஓட்டத்தை அளக்கும் கருவி) முனையை ஒட்டி, இரத்த ஓட்டம் முன்பிருந்ததில் 30 சதவீதத்துக்குக் கீழே விழுந்ததை உறுதிசெய்யுங்கள். 90 நிமிடம் கழித்து இழையை உருவும்போது ஓட்டம் திரும்புவதையும் பதிவுசெய்யுங்கள். எந்த எலிக்கு எந்த எண் குப்பி என்பதை இதற்குப் பிறகே குலுக்கி எடுக்க வேண்டும்.

வெப்பநிலை

போலி வெற்றிகளில் கணிசமானவை இங்கேதான் பிறக்கின்றன. மூளை ஓரிரு டிகிரி குளிர்ந்தாலே சேதம் குறையும். உடலைக் குளிர்விக்கும் மருந்து, செல்லைக் காப்பாற்றும் மருந்துபோல வேஷம் போட்டுவிடும். எம்கே-801 என்ற மருந்தை 1990-ல் ஜெர்பில்களில் (எலி போன்ற சிறு கொறிணிகள்) சோதித்தபோது, காப்பு வந்தது மருந்தால் அல்ல, அது உண்டாக்கிய குளிர்ச்சியால் என்று தெரிந்தது. அறுவையின்போது மலக்குடலோடு கன்னப் பொட்டுத் தசையிலும் உணரியை வைத்து 37 டிகிரியில், அரை டிகிரிக்கு மேல் விலகாமல் பிடியுங்கள். எலி விழித்தபின் உணரியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் வழக்கமான தவறு. குளிர்ச்சி பல மணி நேரம் நீடிக்கும். முதல் 24 மணி நேரமும் அளவு வேண்டும்.

இரத்த அழுத்தம், கார்பன் டை ஆக்சைடு, சர்க்கரை மூன்றையும் அடைப்புக்கு முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கூடினால் சேதம் பெருகும். மயக்க மருந்தும் அப்பாவி அல்ல: ஐசோஃப்ளூரேன் தானே ஓரளவு காக்கும், கெட்டமைன், அடைப்பின்போது செல்லைச் சாகடிக்கும் சமிக்ஞையை வாங்கும் என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும். எல்லா எலிகளுக்கும் ஒரே மயக்க மருந்து, ஒரே கால அளவு.

எப்போது கொடுப்பது

அடைப்புக்கு முன்பே கொடுத்து வென்ற மருந்தால் நோயாளிக்குப் பயனில்லை. அவர் பல மணி நேரம் கழித்துத்தான் வருவார், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் மருந்தும் பெற்றிருக்கலாம். நெரினெடைடு என்ற பெப்டைடு (சிறு புரதத் துண்டு) மருந்துக்கு நேர்ந்தது இதுதான்: 2020-ல் வெளியான மனித ஆய்வில் மொத்தத்தில் பலன் தெரியவில்லை, ஆல்டிபிளேஸ் தூண்டும் பிளாஸ்மின் என்ற நொதி அந்தப் பெப்டைடை வெட்டிவிடுகிறது. உங்கள் மருந்தைப் பிளாஸ்மாவில் ஆல்டிபிளேஸோடு 37 டிகிரியில் வைத்து, எவ்வளவு மிஞ்சுகிறது என்று முதலில் பாருங்கள். கவனிக்க: எலிக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆல்டிபிளேஸ் அளவு கிலோவுக்கு 10 மி.கி., மனிதருக்கு 0.9.

எலி பகலில் தூங்கும் பிராணி. பகலில் பலித்த சில மருந்துகள், எலி விழித்திருக்கும் இரவில் பலிக்கவில்லை என்று 2020-ல் காட்டப்பட்டது. ஒரு குழுவையாவது இருட்டு நேரத்தில் சோதியுங்கள்.

அளவிடுதல்

24 மணி நேரத்தில் மூளையை 2 மி.மீ. துண்டுகளாக வெட்டி, 2 சதவீத டிடிசி என்ற சாயக் கரைசலில் 37 டிகிரியில் ஊறவையுங்கள். உயிருள்ள பகுதி சிவக்கும், செத்த பகுதி வெளுத்தே இருக்கும். வெள்ளைப் பகுதியை அப்படியே அளக்காதீர்கள், வீக்கமும் அதில் சேர்ந்துவிடும். நல்ல பக்கம் முழுவதும் 500 கன மி.மீ., அடிபட்ட பக்கத்தில் சிவந்த பகுதி 320 என்றால் சேதம் 180. நேரடியாக அளந்தால் 230 வரலாம். வீக்கத்தை மட்டும் குறைக்கும் மருந்து, திருத்தாத கணக்கில் திசுவைக் காப்பாற்றியதாகத் தோன்றும்.

டிடிசி காட்டுவது செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் செய்யும் வேலையைத்தான். சாவைத் தள்ளிப்போடும் மருந்து 24 மணி நேரத்தில் வெற்றி, ஒரு வாரத்தில் பூஜ்யம். எனவே தனிக் குழு ஒன்றை 28 நாள் வரை வைத்து, மூலைத் திரும்பல் சோதனையும் (மூலையில் விட்டால் எலி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது) பாதத்தில் ஒட்டிய பசைத்தாளை அகற்றும் சோதனையும் செய்யுங்கள். பசைத்தாளுக்கு அறுவைக்கு முன்பே சில நாள் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் மந்தமான எலியைக் காயப்பட்டதாக எண்ணிவிடுவீர்கள். இடையில் இறந்த எலிக்கு மிக மோசமான மதிப்பெண் கொடுங்கள். பிழைத்தவற்றை மட்டும் எண்ணினால், மோசமான எலிகளைக் கொல்லும் மருந்தும் நல்லதாகத் தெரியும்.

இளம் ஆண் எலியில் பலித்தபின் பெண் எலி, முதிய எலி, இரத்த அழுத்தம் கூடிய எலி. பிறகு வேறு ஆய்வகத்துக்கு அதே எண்ணிட்ட குப்பிகளை அனுப்புங்கள்; குறியீட்டுப் பட்டியல் மூன்றாமவரிடம் இருக்கட்டும். பக்கவாத மருந்துகளின் விலங்குச் சோதனைக்கான அமெரிக்காவின் ஸ்பான் வலையமைப்பு இப்படித்தான் பல ஆய்வகங்களில், மறைப்போடு, 6 சிகிச்சைகளைச் சோதித்தது. கடைசிவரை தாக்குப்பிடித்தது யூரிக் அமிலம் ஒன்றே.