பொதுக் கடற்கரையில் வலசைக் கரைப்பறவைகளைப் பார்ப்பது எப்படி? தொடங்குவோருக்கான செய்முறை

பொதுக் கடற்கரையிலோ கழிமுகத்திலோ வலசைப் பறவைகளைப் பார்க்கத் தொடங்குவோருக்கு வரும் சிக்கல் பெரும்பாலும் ஒன்றேதான். சேற்றின் விளிம்பில் பறவைகள் புள்ளிகளாகத் தெரியும்; கிட்டே போனால் கூட்டமாக எழுந்து பறந்துவிடும். நடைப்பயிற்சி செய்வோரும், மீன்பிடிப்போரும், பிள்ளைகளும், நாய்களும் புழங்கும் கரையில் இச்சிக்கல் இன்னும் கூடுகிறது. எனக்கு இதற்குத் தீர்வு தந்தது ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல். நாம் பறவையைத் தேடிப் போகாமல், ஏறிவரும் நீரே பறவையை நம் பக்கம் தள்ளிவரும்படி இடமும் நேரமும் பார்த்து முன்கூட்டியே அமர்ந்துவிட வேண்டும்.

படி 1: கருவி. 8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ. அகலம்) போதும். 10 மடங்கில் கைநடுக்கமும் பெரிதாகும், பார்வைப்பரப்பும் குறுகும். ஓடிக்கொண்டே இருக்கும் உள்ளான் போன்ற சிறு கரைப்பறவையைத் தொடர்வது அதில் கடினம். ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் பொருத்திப் பார்க்கும் தொலைநோக்கி) வாங்குவதாக இருந்தால் முக்காலியில் சிக்கனம் பார்க்காதீர்கள். கடற்காற்றில் ஆடும் முக்காலியின் மேல் எவ்வளவு நல்ல ஸ்கோப்பை வைத்தாலும் பயனில்லை. வெயில் ஏறியபின் கானல் அலையாடும் என்பதால் 25, 30 மடங்குக்கு மேல் போவதும் வீண்.

படி 2: ஓதம். தடுமாற்றம் நேர்வது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் இருப்பதால், ஏற்றம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். எனவே கடிகாரத்தை மட்டும் நம்பி நாள் குறித்தால் இந்த வாரம் கண்ட காட்சி அடுத்த வாரம் கிடைக்காது. நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் பரந்த சேற்றில் சிதறி இரை தேடும். நீர் ஏற ஏறக் கரைப்பக்கம் ஒதுங்கி, உச்ச ஏற்றத்தில் ஏதேனும் ஒரு மேட்டுத் திட்டில் நெருக்கியடித்து நின்று ஓய்வெடுக்கும். ஆகவே உச்சத்துக்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரம் முன்பே இடத்தில் இருக்க வேண்டும்.

அட்டவணையில் இருப்பது ஒரு குறிப்பிட்ட துறைமுகத்துக்கான நேரம். கழிமுகத்தின் உட்பகுதியில் அதே ஏற்றம் தாமதமாகவே வந்து சேரும். நேரத்தோடு உயரத்தையும் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் உயர்ந்திருக்கும். அட்டமியை ஒட்டிய நாட்களில் தாழ்ந்திருப்பதால் சேறு முழுதும் மூழ்காமல் போகலாம், அப்போது பறவைகள் கரைக்கு வரவேண்டிய தேவையே இராது. கரையிலுள்ள அசையாத கம்பம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, நீர் அதில் எந்த மட்டத்தைத் தொடும்போது பறவைகள் நகரத் தொடங்குகின்றன என்பதையும், அன்றைக்கு அட்டவணையில் இருந்த உயரத்தையும் சேர்த்து எழுதிவாருங்கள். சில வாரங்களில் உங்கள் கரைக்கே உரிய கணக்கு கையில் இருக்கும்.

படி 3: அமர்தல். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பறவைகள் ஒதுங்கும் திட்டுக்கும் நீருக்கும் இடையே ஒருபோதும் அமராதீர்கள். மேய்ச்சலை நிறுத்தித் தலையை நிமிர்த்துவது, ஒரே திசையில் நடக்கத் தொடங்குவது, எச்சரிக்கைக் குரல் எழுப்புவது ஆகியவை நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்பதற்கான அறிகுறிகள். அவற்றைக் கண்டதும் மெல்லப் பின்வாங்குங்கள். 2022 அக்டோபரில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவையின் இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாட்களில் கடந்தது. உடலில் சேர்த்த கொழுப்புதான் அத்தகைய பயணத்துக்கு எரிபொருள். நாம் வீணாக எழுப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கு கரைகிறது.

படி 4: அடையாளம். நிறத்தில் தொடங்காமல் நடையில் தொடங்குங்கள். சற்று ஓடி, சட்டென நின்று, ஒரு கொத்து கொத்தி, மீண்டும் ஓடினால் அது உப்புக்கொத்தி. பெரிய கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் பறவை அது. தலை நிமிராமல் தையல் இயந்திரத்தின் ஊசிபோல் அலகைச் சேற்றில் இறக்கி ஏற்றிக்கொண்டே நகர்ந்தால் உள்ளான் வகை. அதன்பின் அலகின் நீளமும் வளைவும், பிறகு காலின் நிறம்: சிவந்த கால் என்றால் பவளக்காலி, பசுமை கலந்த கால் என்றால் பச்சைக்காலி. இவை பிடிபடும்வரை கொசு உள்ளான் கூட்டத்தைப் பிரித்தறிய முயல வேண்டாம்.

படி 5: மற்றவர்கள். கரை எல்லோருக்கும் உரியது. அதட்டினால் அடுத்த நாள் நமக்குத்தான் பகை. நாயை அவிழ்த்துவிட வருபவரிடம் பைனாகுலரை நீட்டி, ஒற்றைக்காலில் உறங்கும் பறவையைக் காட்டி, நீர் வற்றும்வரை மறுபக்கம் நடக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலோர் இசைகிறார்கள்.

பிற்சேர்க்கை 1: தம் பகுதியில் ஓத வேறுபாடே குறைவு என்று சிலர் எழுதியிருந்தனர். அத்தகைய கரைகளிலும், ஏரி, உப்பளம் போன்ற நீர்நிலைகளிலும் ஓத அட்டவணையைவிட நீர்மட்டமே முக்கியம். நீர் இறங்கிப் புதிதாகச் சேறு தெரியும் வாரங்களில், வெயில் தாழ்ந்த வேளைகளில் பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: பறவையின் காலில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகப் பொருத்தும் வண்ணப்பட்டையைக் கண்டால் என்ன குறிப்பது என்ற கேள்வி தொடர்ந்து வருகிறது. பட்டையின் நிறம், அதிலுள்ள எழுத்துகள், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா என அனைத்தும் வேண்டும். இடம் வலம் என்பது பறவையின் இடம் வலம். அது நம்மை நோக்கி நிற்கும்போது மாறித் தெரியும். முழங்கால்போல் பின்னோக்கி மடங்குவது உண்மையில் கணுக்கால். மேல், கீழ் என்று குறிப்பது அந்த மூட்டை வைத்துத்தான். எழுத்து தெளியவில்லையென்றால் ஊகித்து எழுதாமல், தெரிந்ததை மட்டும் தேதி, இடத்துடன் உங்கள் நாட்டில் பறவைகளுக்கு வளையமிடும் அமைப்புக்கு அனுப்புங்கள்.