சுவரைப் பார்த்து ரௌட்டர் வாங்குங்கள்

ரௌட்டர் விற்பவர் முதலில் அன்டெனாக்களைக் காட்டுவார். அடுத்து, பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் காட்டுவார். இரண்டுக்கும் மயங்க வேண்டாம். 'ஏஎக்ஸ்3000' என்பது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் கிடைக்கக்கூடிய 574 எம்பிபிஎஸ் வேகத்தையும் 5 கிகாஹேர்ட்ஸில் கிடைக்கக்கூடிய 2402 எம்பிபிஎஸ்ஸையும் கூட்டி, மேல்நோக்கி முழுமையாக்கிய தொகை. கணிதம் கற்பிப்பவள் என்ற முறையில் அந்தக் கூட்டலே எனக்குப் பிடிக்கவில்லை. பெரும்பாலான கைபேசிகள் ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் பேசும்.

நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றின் தொடர்மாடியில். என் மாணவர்களில் பாதிப்பேர் லண்டன் பிள்ளைகள். கோடைகாலத்தில் அவர்கள் மாலை ஐந்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது இங்கே இரவு ஒன்பதரை. கட்டடம் முழுவதும் தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் நேரம். "மிஸ், உங்கள் குரல் விட்டுவிட்டு வருகிறது" என்று ஒரு பிள்ளை சொன்னால் இருபடிச் சமன்பாடு நடுவழியில் நின்றுவிடும். ஆகவே தரவிறக்க வேகத்தை விடப் பதிவேற்ற வேகமும் அதன் சீரும்தான் எனக்கு முக்கியம். ஒரு காணொளி வகுப்புக்குப் பதிவேற்றம் 4 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் தாராளம். 100 எம்பிபிஎஸ் என்று விளம்பரப்படுத்தும் பொதியை எடுக்கும் முன் அதன் பதிவேற்ற வேகம் எவ்வளவு என்றும், மாதத் தரவு எல்லை தாண்டினால் வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்றும் கேளுங்கள். எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். எட்டால் வகுத்தால்தான் நாம் கோப்புகளை அளக்கும் மெகாபைட் வரும்; 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்.

உங்கள் ஒழுங்கையில் ஃபைபர் (கண்ணாடி இழை இணைப்பு) வந்திருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். எஸ்எல்டி-மொபிடெல், டயலொக் நிறுவனங்கள் இரண்டும் கொழும்பில் ஃபைபர் கொடுக்கின்றன. தொடர்மாடி என்றால் கம்பியை எந்த வழியாக மேலே கொண்டுவருவது என்பதற்குக் கட்டட முகாமைத்துவத்தின் அனுமதி வேண்டும். வாடகை வீடு என்றால் சுவரில் துளையிட வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். இவற்றை இணைப்புக்கு விண்ணப்பிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். ஊழியர் ஏணியோடு வந்து வாசலில் நிற்கும்போது தொடங்கக்கூடிய பேச்சுவார்த்தை அல்ல இது.

ஃபைபர் கிடைக்காதவர்களுக்கு சிம் போடும் 4ஜி ரௌட்டர். அதில் இடம்தான் எல்லாம். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போனால் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் தெரியும். முதலாவது கோபுரத்திலிருந்து வரும் சமிக்ஞையின் பலம்: மறை 90க்கு (-90) மேலே இருந்தால் நல்லது, மறை 110க்குக் கீழே போனால் சிரமம். இரண்டாவது இரைச்சலை மீறி அது எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது: 20ஐத் தாண்டினால் மிக நன்று, பூச்சியத்தை நெருங்கினால் வகுப்பு நடத்த முடியாது. வீட்டின் ஒவ்வொரு ஜன்னலருகிலும் ஐந்து நிமிடம் வைத்து இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் கடல் பார்த்த ஜன்னல் காற்றுக்கு அருமை. ஆனால் கோபுரங்கள் எல்லாம் தரைப்பக்கத்தில்தான் இருக்கின்றன.

இனி முக்கியமான கட்டம். ஃபைபர் நிறுவனம் தரும் வெள்ளைப் பெட்டியிலேயே வைபை இருக்கும். அது போதுமா என்று அளந்து பார்க்காமல் புதிதாக எதையும் வாங்காதீர்கள். அளக்கும் முறை இது: மடிக்கணினியை அந்தப் பெட்டியோடு கம்பியால் இணைத்து, வைபையை அணைத்து, இரவு ஒன்பது மணிக்கு வேகத்தைச் சோதியுங்கள். பிறகு கம்பியை எடுத்துவிட்டுப் பெட்டிக்கு அருகிலேயே வைபையில் சோதியுங்கள். பிறகு நீங்கள் வழக்கமாக உட்காரும் அறையில், கதவை மூடி.

கம்பியிலேயே வேகம் இல்லையென்றால் குறை இணைப்பில். உலகத்தின் விலையுயர்ந்த ரௌட்டரும் அதைத் தீர்க்காது, நிறுவனத்திடம் முறையிடுங்கள். கம்பியில் நன்றாக இருந்து, அருகில் வைபை மோசம் என்றால் பெட்டி பழையது, அல்லது கைபேசி வேகம் குறைந்த 2.4 கிகாஹேர்ட்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு இடத்திலும் நன்றாக இருந்து அறைக்குள் மட்டும் விழுகிறது என்றால் குற்றவாளி சுவர். கொழும்பில் பெரும்பாலான வீடுகளில் கதை மூன்றாவதுதான்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால், கணினியிலிருந்து ரௌட்டரின் முகவரிக்குப் பிங் (பதில் கேட்கும் சிறு செய்தி) அனுப்புங்கள். பதில் வர ஒரு சில மில்லிநொடிகள்தான் ஆக வேண்டும். அது இடையிடையே நூறு, இருநூறு என்று துள்ளினால், அந்தத் தடுமாற்றம் வீட்டுக்குள்ளேதான் நடக்கிறது. லண்டன் வரை தேட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் இணைப்பு வாசற்கதவுக்கு மேலே வந்து நின்றது. நான் கற்பிக்கும் அறை மறுகோடியில். நடுவே இரண்டு செங்கற்சுவர், ஒரு கொங்கிறீற் தூண், அம்மாவின் இரும்பு அலுமாரி. அலுமாரியை நகர்த்தலாமா என்று கேட்டேன். "உன் வைபையை நகர்த்து" என்றார். அவர் சொன்னதுதான் சரியான தீர்வு. வெள்ளைப் பெட்டியிலிருந்து கூரை ஓரமாகக் கேட்-6 வலையமைப்புக் கம்பி ஒன்றை என் அறைவரை இழுத்து, அங்கே இரண்டாவது ரௌட்டரை வைத்தேன். கம்பியே இழுக்காமல் நடுவழியில் பிளக்கில் செருகும் வைபை நீட்டிப்பான்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பல, வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே அலைவரிசையில் செய்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். சுவரில் கம்பி ஓடுவது அழகில்லை என்பார்கள். வகுப்பு அறுபடுவது அதைவிட அழகில்லை.

இப்படி இரண்டாவது ரௌட்டர் வைக்கும்போது அதன் அமைப்பில் 'அக்சஸ் பொயின்ட்' முறையைத் தெரிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ரௌட்டர்களும் தனித்தனியே முகவரி வழங்கும். அச்சுப்பொறி ஒன்றிலும் கணினி மற்றதிலும் மாட்டிக்கொண்டு ஒன்றையொன்று காணாமல் தவிக்கும்.

கடைக்குப் போகும்போது கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. வைபை 6, இரட்டை அலைவரிசை, கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்கள், அதாவது கம்பி செருகும் துளைகள், போதும். வைபை 7 சாதனங்களுக்கான சான்றிதழ் 2024 ஜனவரியில் தொடங்கியது. உங்கள் கைபேசிக்கு அது தெரியாவிட்டால் அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் பயனில்லை. போர்ட்டை மட்டும் கவனமாகப் பாருங்கள். மலிவான சில ரௌட்டர்களில் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். 200 எம்பிபிஎஸ் பொதிக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டுப் பாதியை வாசலிலேயே விட்டுவிடுவீர்கள். பழைய தொலைபேசிக் கம்பிக்கான ஏடிஎஸ்எல் ரௌட்டர், சிம் ரௌட்டர், ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் வைக்கும் ரௌட்டர் மூன்றும் வெவ்வேறு. உங்களிடம் உள்ள இணைப்பைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்கினால் விலை வித்தியாசம் தெரியும். பற்றுச்சீட்டின் அடியில் உள்ள பொடி எழுத்தையும் படியுங்கள். எரிந்த அடையாளம், துரு இருந்தால் உத்தரவாதம் இல்லை என்று அங்கே எழுதியிருப்பது வழக்கம். இடி முழக்கமும் உப்புக்காற்றும் உள்ள ஊரில் அது சின்ன விஷயமல்ல. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்ற சாதனமா என்றும் கேளுங்கள்.

கனடாவிலிருந்து வரும் மாமா ஒரு ரௌட்டர் கொண்டுவரட்டுமா என்று கேட்டால், சிம் ரௌட்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த நாட்டு அலைவரிசைகளுக்காகச் செய்தது இங்குள்ள கோபுரங்களோடு முழுமையாகப் பொருந்தாமல் போகலாம். சாதாரண வைபை ரௌட்டர் என்றால், அடப்டரில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் போதும், நம்முடையது 230.

பொருத்தும்போது உயரமான, திறந்த இடம் தேடுங்கள். மீன்தொட்டி, பெரிய கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் பக்கத்தில் வேண்டாம், மைக்ரோவேவ் 2.4 கிகாஹேர்ட்ஸைக் குழப்பும். ஃபைபர் கம்பியை மடித்துக் கட்டாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக வளைந்தால் ஒளி வெளியே கசியும். மீதிக் கம்பியைப் பெரிய வட்டமாகச் சுற்றி விடுங்கள்.

பிறகு உலாவியில் 192.168.1.1 என்று, அல்லது பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைத் தட்டி உள்ளே போங்கள். முதல் வேலை நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது. வைபை கடவுச்சொல் வேறு, இது வேறு. பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ3, பழைய சாதனங்கள் இருந்தால் டபிள்யூபிஏ2. கடவுச்சொல் தட்டாமலே சாதனங்களை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க இரகசிய எண்ணை வரிசையாக முயன்றே உடைக்கலாம் என்பது 2011இலேயே வெளிவந்துவிட்டது. தொடர்மாடியில் 2.4 கிகாஹேர்ட்ஸ் எப்போதும் நெரிசல்தான். 1, 6, 11 ஆகிய மூன்று சனல்கள் மட்டுமே ஒன்றன்மீது ஒன்று ஏறாதவை. அவற்றில் அயலவர்கள் குறைவாக உள்ளதைத் தெரிவுசெய்து, வேலைக்கு 5 கிகாஹேர்ட்ஸைப் பயன்படுத்துங்கள். விருந்தாளிகளுக்குத் தனி வைபை திறந்து கொடுங்கள். கல்யாணத்துக்கு வந்த உறவினர்களின் கைபேசிகள் உங்கள் தரவு எல்லையில் இரவோடு இரவாகப் புதுப்பிப்பு இறக்கும்போது அதை மட்டும் அணைத்துவிடலாம்.

மின்சாரம் போனால்? 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருளானது. அப்படிப்பட்ட நாள் அடிக்கடி வராவிட்டாலும் ஒரு மணிநேர வெட்டு வரும். ரௌட்டருக்கென்றே சிறிய யுபிஎஸ் (மின்கலப் பெட்டி) விற்கிறார்கள். வாங்கும் முன் ரௌட்டர் அடப்டரின் வோல்ட்டையும் அம்பியரையும் பாருங்கள்: 12 வோல்ட் என்றால் 12தான், அம்பியர் அதற்குச் சமமாக அல்லது கூடுதலாக இருக்கலாம். வீட்டில் பெட்டி இரண்டு என்றால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி உறுமத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள். தொலைபேசிக் கம்பி இணைப்பு என்றால் அந்தக் கம்பியையும் கழற்றுங்கள். மின்னல் அது வழியாகவும் வரும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் அடப்டர் கடத்தும்.

இணைப்பு நின்றுபோனால் முதலில் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. வீட்டுக்குள் நீங்கள் எதைத் தட்டினாலும் பயனில்லை, நிறுவனத்தை அழையுங்கள். சிவப்பு இல்லையென்றால் ஆளியை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். பின்பக்கத்துச் சிறு துளைக்குள் ஊசியை விடவேண்டாம். அது மறுதொடக்கம் அல்ல, இணைப்புக்கான பயனர் பெயர் உட்பட எல்லாவற்றையும் அழித்துவிடும் பொத்தான். அந்தப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இணைப்புக் கொடுக்க வந்த ஊழியரிடம் அன்றே கேட்டு எழுதி, இணைப்பு எண்ணோடு சேர்த்து அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன். அம்மா அதற்கு மட்டும் அனுமதித்தார்.