யாழ்ப்பாணத்தில் வீடு: இப்போது கட்டுவதா, இன்னும் கொஞ்சம் சேர்ப்பதா?

லீவில் ஊருக்குப் போய் இறங்கி மூன்றாம் நாளே இந்தக் கதை தொடங்கிவிடும். வளவைப் பார்க்கப் போவோம், பழைய வீடு கூரையில்லாமல் நிற்கும், இல்லாவிட்டால் அத்திவாரம் மட்டும் பற்றைக்குள் கிடக்கும், கிணற்றுக் கட்டில் கை வைத்து எட்டிப் பார்க்கும்போது பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் "எப்ப தம்பி கட்டப் போறியள்?" என்று கேட்பா. அன்று இரவே நல்ல மேசன் யார், கல் என்ன விலை என்று விசாரிக்கத் தொடங்கியிருப்போம். நான்கு கிழமை லீவுக்குள் நாள் பார்த்துக் கல் வைத்துவிட்டு விமானம் ஏறியவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு தடவை அந்த அவசரத்தில் நின்றவன்தான். அதனால் இந்த வருடம் போகிறவர்களுக்கு நேராகச் சொல்கிறேன். காணி வேலையை இந்த லீவிலேயே தொடங்குங்கள். வீட்டு வேலையை, அந்த வீட்டில் படுத்தெழும்ப ஆள் இருக்கப்போகிற வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். அதுவரை காசைச் சேர்த்துவையுங்கள்.

முதலில் காணி. எங்கள் உரும்பிராய்க் காணி நான்கு பரப்பு. அது யாருடையது என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் "எங்கட காணிதானே" என்பார்கள். உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, எடுத்துப் பார்த்தால் காணி அம்மம்மாவின் பெயரில் இருக்கிறது, அம்மம்மா காலமாகிப் பல வருடம், பிள்ளைகள் ஐந்து பேர், அதில் இருவர் இப்போது இல்லை, அவர்களுடைய பிள்ளைகள் பிரான்சிலும் அவுஸ்திரேலியாவிலும். இந்த நிலையில் நான் என் காசைப் போட்டு வீடு கட்டினால், கட்டுவது பங்குக் காணியில். நாளைக்கு ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால் என்ன செய்வது? யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி பங்குக் காணியை வெளியாளுக்கு விற்பதற்கு முன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவித்து, வாங்குகிறீர்களா என்று கேட்க வேண்டும். அதேபோல, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை, அது சீதனக் காணியாக இருந்தாலும், கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கையெழுத்து வைக்க வேண்டியவர்கள் இரண்டு மூன்று நாட்டில் இருக்கிறார்கள் என்றால், அந்த வேலை ஒரு லீவுக்குள் முடியாது. ஆனால் ஒரு லீவில் தொடங்கலாம்.

உறுதி தொலைந்துவிட்டது என்று கைவிட்டவர்கள் நிறைய. இடம்பெயர்ந்து ஓடியபோது எதைத்தான் காப்பாற்றினோம்? ஆனால் நொத்தாரிசு எழுதிய உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர், இந்த மூன்றில் ஒன்றிரண்டு கிடைத்தாலே தேட வழி உண்டு. இதைச் சொல்லக்கூடியவர்கள் உங்கள் பெரியம்மாவும் சித்தப்பாவும்தான். அவர்கள் நினைவு தெளிவாக இருக்கும்போது பக்கத்தில் இருந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த மூலையில் எந்தப் பனை எல்லை, ஒழுங்கை யாருடைய காணியால் போகிறது, கிணற்றில் யாருக்குப் பங்கு, வழி வாய்க்கால் உரிமை யாருக்கு, எல்லாவற்றையும். என்னைப் பொறுத்தவரை முழு லீவிலும் பெறுமதியான நாள் அதுதான்.

பிறகு நில அளவையாளரைக் கூப்பிட்டு அளந்து வரைபடம் எடுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்பு என்றால் பத்துப் பேர்ச், பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். எங்கள் உறுதியில் நான்கு பரப்பு, அளந்தபோது குறைந்தது. வேலி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்திருந்தது. பக்கத்து வளவுக்காரருடன் இருந்து பேசித்தான் தீர்த்தோம், அதற்கே இரண்டு கிழமை போனது. நான் அவசரப்பட்டு மதில் கட்டியிருந்தால் அந்தப் பேச்சு நீதிமன்றத்தில் நடந்திருக்கும். பத்து வருடம் தொடர்ந்து இடையூறில்லாமல் தன் காணிபோல ஆண்டவர் ஆட்சியுரிமை கோர இலங்கைச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். வெறும் வளவை ஆண்டுக்கணக்காக யாரும் எட்டிப் பார்க்காமல் விடுவதில் உள்ள ஆபத்து இதுதான். கம்பி வேலி போட்டு, நாலு தென்னை வைத்து, வருடம் ஒரு தடவை துப்புரவாக்கினாலே காணி உங்கள் கையில் இருப்பது ஊருக்குத் தெரியும். அதற்கு வீடு தேவையில்லை.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு எடுத்தவர்களுக்கு இன்னொன்று. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டவருக்குக் காணி விற்க முடியாது, இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. தாய் தகப்பனிடமிருந்து முதுசமாகவோ நன்கொடையாகவோ வருவதற்கு விலக்கு இருக்கிறது. பக்கத்துத் துண்டையும் சேர்த்து வாங்கிக் கட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் முதலில் இதை ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். இன்னொருவர் பெயரில் வாங்கிவிட்டு நம்பியிருப்பது நல்ல உறவையும் கெடுக்கும்.

சரி, காணி தெளிவாகிவிட்டது, இனிக் கட்டலாமா? ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நான்கு கிழமை வருகிறீர்கள் என்றால் பத்து வருடத்தில் அந்த வீட்டில் நீங்கள் இருப்பது 20 கிழமை. மிச்சம் 500 கிழமை அது பூட்டிக் கிடக்கும். பூட்டிய வீட்டுக்குக் கறையான் வரும், கூரையில் மாரி ஒழுக்கு வரும், தண்ணீர் பம்பி இறுகும், காவலுக்கு இருப்பவருக்கு மாதம் காசு அனுப்ப வேண்டும். அந்தக் காசில் ஒவ்வொரு முறையும் நல்ல இடத்தில் அறை எடுத்து நிற்கலாம். ஆனால் அம்மா அப்பா ஊரில் ஒழுகுகிற வீட்டில் இருக்கிறார்கள் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், இன்றைக்கே கட்டுங்கள், கடனில்லாமல் முடிகிற அளவில். வேலையில் இருந்து ஓய்வு பெற்று இரண்டு மூன்று வருடத்தில் திரும்பப் போகிறோம் என்று உறுதியாக முடிவெடுத்தவர்களும் தொடங்கலாம். "எப்பவோ ஒருநாள் வருவம்" என்பவர்கள் காசைச் சேர்த்துவையுங்கள்.

விலை ஏறிவிடுமே, இப்போதே கட்டினால்தானே மலிவு என்பார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை போனது, அதே காலத்தில் ஆயிரம் ரூபாயளவில் இருந்த சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தாண்டியது. அதாவது டொலரில் சேர்த்தவருக்குக்கூடச் சீமெந்து விலை எட்டாமல் ஓடியது. ஆனால் பிறகு சீமெந்தும் இறங்கியது, ரூபாயும் கொஞ்சம் நிமிர்ந்தது. அந்த வருடம் பாதி வீட்டோடு மாட்டுப்பட்டவர்கள்தான் நொந்தார்கள், கையில் காசோடு பொறுத்தவர்கள் தப்பினார்கள். நான் எடுத்துக்கொண்ட பாடம்: வீட்டுக்காசைச் சம்பாதிக்கிற நாட்டு நாணயத்திலேயே வையுங்கள், ஊரில் கூடிய வட்டி என்று முழுவதையும் ரூபாயில் வைப்பிலிட வேண்டாம், கூரை போட்டுக் கதவு பூட்டும்வரைக்கான காசு கையில் இல்லாமல் அத்திவாரம் வெட்ட வேண்டாம். காசை வங்கி வழியாகவே அனுப்பி, அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். பின்னொரு நாள் விற்றுக் காசைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டி வந்தால் அது எப்படி வந்தது என்று கேட்பார்கள். வெளிநாட்டில் இருந்து முதலீட்டுக்கு வரும் காசுக்கான உள்முக முதலீட்டுக் கணக்குப் பற்றி வங்கியில் முன்கூட்டியே பேசுங்கள்.

கட்டுவதென்று முடிவானால் சின்னதாகக் கட்டுங்கள். இரண்டு அறை, குசினி, நல்ல அகலமான விறாந்தை, அப்புறம் முழங்கால் நோகிற வயதுக்கும் சேர்த்து எல்லாம் கீழ்த்தளத்தில். எங்கள் ஊரில் மாடி எழுப்பிவிட்டு மேலே ஏறாமல் கீழே ஒரு அறைக்குள் இருக்கிற வயதான சோடிகளைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை.

தண்ணீரைப் பற்றிக் கவனமாக இருங்கள். குடாநாட்டின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், அதற்குள் மழைநீர்தான் தேங்கி நிற்கிறது, அதற்கும் கீழே உப்புநீர். ஆழக் குழாய்க்கிணறு அடித்தால் உவர் ஏறிவிடும். மலக்குழியில் இருந்து ஒழுகுவது கல் வெடிப்புகளால் கிணற்றுக்குப் போகும், உங்கள் கிணற்றுக்கு மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும். அதனால் வீட்டுப் படம் கீறும்போதே மலக்குழியை எல்லாக் கிணறுகளுக்கும் தூரமாக, அடியும் பக்கமும் இறுக்கிக் கட்டுவதாகப் போடுங்கள். கிணற்றுத் தண்ணீரை லீவிலேயே பரிசோதனைக்குக் கொடுக்கலாம்.

படத்துக்குப் பிரதேச சபையோ மாநகர சபையோ அனுமதி தந்த பிறகுதான் மண் வெட்ட வேண்டும். தை, மாசியில் அத்திவாரம் போட்டால் ஐப்பசி மாரிக்கு முன் கூரை ஏறிவிடும். கொந்தராத்தை எழுத்தில் போட்டு, அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என்று முடிந்த வேலைக்கு மட்டும் காசு விடுங்கள். முற்பணமாகப் பெரிய தொகை கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

விமானம் ஏறுவதற்கு முன் கடைசி வேலை அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் செயற்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரம். சொந்தக்காரர் ஒருவருக்குக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும், ஆனால் பொதுத் தத்துவம் வேண்டாம். அனுமதி எடுக்க, கட்ட, மின்சாரமும் தண்ணீரும் எடுக்க என்று வேலைகளைக் குறிப்பிட்டு விசேட தத்துவமாக எழுதுங்கள். விற்கவோ ஈடு வைக்கவோ அதிகாரம் இல்லை என்ற வரியை நொத்தாரிசு வாசிக்கும்போது காது கொடுத்துக் கேட்டு, அதன் பிறகு கையெழுத்து வையுங்கள்.